ஊரு மாறிப்போன செவப்பு

அட இல்லண்ணே, நீங்க நெனைக்கிற மாதிரி அசிங்கமான சமாச்சாரம் எதுவும் கெடையாது. அத மொதல்ல மண்டையிலருந்து எடுத்துருங்க. வேலையில ஒரு தப்பு நடந்துபோச்சு, அறிவுச்செல்வி வேலைய விட்டுருச்சு. அம்புட்டுத்தான். ஆனா ஆபீஸ் வாசல்ல நின்னு பேச வேணாம். இங்க வாட்ச்மேன்லருந்து ஜெராக்ஸ் போடுற பொண்ணு வரைக்கும் அம்புட்டுப் பேருக்கும் காது நீளம். எதுத்தாப்ல டீக்கடைக்குப் போவோம், வாங்க. பழனி பஸ்ஸு பத்து நிமிசத்துக்கு ஒண்ணு இருக்கு, செத்த நேரம் உக்காந்து பேசலாம்.

நீங்க ஏனுங்கன்னு கூப்டப்பவே பழனிப் பக்கத்து ஆளுன்னு தெரிஞ்சுபோச்சு. நெய்க்காரப்பட்டியா? சரி சரி. மாப்ளைக்குத் தாய்மாமன். கண்ணுசாமின்னு சொன்னீங்கல்ல? உக்காருங்கண்ணே. மாஸ்டர், ரெண்டு டீ. ஒண்ணு சக்கர கம்மி.

இல்ல, இதுல கோவிச்சுக்கிற எதுவும் இல்ல. பொண்ணு எடுக்குறவங்க, பொண்ணு வேல பாத்த எடத்துல வந்து நாலு பேர்ட்ட விசாரிக்கிறது வழக்கந்தான. எந் தங்கச்சி கல்யாணத்துக்கு நானே கரூருக்குப் போயி, மாப்ள வேல பாத்த கம்பெனி வாசல்ல ஒரு நாள் பூராம் நின்னுருக்கேன். யார்ட்டக் கேக்குறோம்ங்கிறதுலதான் சூட்சுமம் இருக்கு. பெரிய அதிகாரியக் கேட்டா நல்ல புள்ளன்னு ஒத்த வார்த்தையில முடிச்சுருவாரு. கூட வேல பாத்தவனத்தான் கேக்கணும். நீங்க சரியா எங்கிட்ட வந்தீங்க பாருங்க. இந்த ஆபீஸ்ல இருவத்தி மூணு பேரு இருக்கோம். அதுல அந்தப் புள்ளயப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்றதுக்கு மனசு வராத ஒரே ஆளு நாந்தான்.

சிரிக்காதீங்கண்ணே, நெசமாத்தான் சொல்றேன். எம்பேரு அந்தோணிராஜ். எம்மெஸ்ஸி ஸ்டாட்டிஸ்டிக்ஸ். ரெண்டாயிரத்தி மூணுலருந்து இங்க இருக்கேன். அந்தப் புள்ள வந்தது ரெண்டாயிரத்தி அஞ்சு ஜூன். அகரத்துக்காரி, அவங்கப்பா பூ வெவசாயம், அதெல்லாம் நீங்களே விசாரிச்சிருப்பீங்க. ஜாகிரபி படிச்சுட்டு நேரா இங்க வந்துச்சு.

எங்க வேல என்னன்னா, தண்ணி. இந்தப் பக்கம் சில ஊர்ல போர்த் தண்ணியில ஒரு உப்பு இருக்கும். அதக் குடிச்சுக் குடிச்சுப் புள்ளைகளுக்குப் பல்லு காவியேறிப் போகும். வெத்தல போட்ட மாதிரி. வயசானா முட்டு மடங்காது. எந்த ஊருத் தண்ணியில அந்த உப்பு எம்புட்டு இருக்குன்னு பாத்து, மாவட்டப் படத்துல கலர் போட்டுக் காட்டணும். நல்ல தண்ணி பச்ச, மோசம் செவப்பு. செவப்பு உள்ள ஊருக்குச் சுத்திகரிப்பு மிசின் வரும். வேல அதுதான்.

கைல வரையுறதில்லண்ணே, கம்ப்யூட்டர்லதான். ஆர்னு ஒத்த இங்கிலீஷ் எழுத்துல பேரு வச்ச ஒரு ப்ரோகிராம் இருக்கு. ஓசிதான், நெட்ல எறக்கிக்கலாம். அதுல கலர் பெட்டி, பிரஷ்ஷெல்லாம் கெடையாது. எல்லாத்தையும் வரி வரியா எழுதிக் குடுக்கணும். ஒரு கமா விட்டுப் போச்சுன்னாலும் மூஞ்சத் திருப்பிக்கிரும். இந்த ஆபீஸ்ல அதத் தொட்ட மொத ஆளு நாந்தான். சொல்லிக் குடுக்க ஆளு கெடையாது. மெஹராஜ்னு ஒருத்தர் ப்ரௌசிங் சென்டர் வச்சுருந்தாரு, அங்க போயி மணிக்கணக்கா உக்காந்து தானாக் கத்துக்கிட்டது.

மொத மொதல்ல நா போட்ட படத்துல மாவட்டத்து எல்லக்கோடு வந்துச்சு. கெணறு ஒண்ணு கூட வரல. எரநூறு கெணத்த ஏத்துறேன், படம் காலியாக் கெடக்கு. மூணு நாளு மண்டையப் பிச்சுக்கிட்டேன். கடைசியில உலகப் படத்த விரிச்சுப் பாத்தா, நம்ம கெணறு பூராம் வட துருவத்துப் பக்கம் பனிக்கட்டியில போயிக் குமிஞ்சு கெடக்கு. என்னான்னா, ஒவ்வொரு கெணத்துக்கும் ரெண்டு நம்பர் உண்டு. ஒண்ணு வடக்க எம்புட்டு தூரம், ஒண்ணு கிழக்க எம்புட்டு தூரம். நா ரெண்டையும் முன்னப் பின்ன மாத்திக் குடுத்துட்டேன். மாத்திப் போட்டேன் பாருங்க, எரநூறும் வந்து திண்டுக்கல்ல உக்காந்துச்சு. சூசைராஜ் சாரு, எங்க டைரக்டரு, முதுகுல தட்டிக் குடுத்து அன்னைக்கு ஆபீஸுக்கே பஜ்ஜி வாங்கிக் குடுத்தாரு. அப்பறம் எட்டு மாசம் நாந்தான் ராசா. படத்தப் பெருசாப் ப்ரிண்ட் போட்டு மீட்டிங் ஹால்ல மாட்டி வச்சுருந்தாங்க.

அந்தப் படத்துல நடுவுல ஒரு பட்ட. மேலருந்து கீழ வரைக்கும் கெணறே இல்லாம வெறுமையா ஓடும். வர்ற விருந்தாளிக எல்லாரும் கேப்பாங்க, இதென்ன இங்க மட்டும் காலின்னு. நா சொல்வேன், அது சிறுமலைங்க, மலையில எங்க கெணறு இருக்கும்னு. எல்லாரும் தலையாட்டிட்டுப் போவாங்க.

அறிவுச்செல்வி வந்து ரெண்டாம் நாளுண்ணே. ரெண்டாம் நாளு. டிபன் பாக்ஸ கையில வச்சுக்கிட்டு அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறா. சாரும் இருக்காரு, நாங்களும் நாலஞ்சு பேரு இருக்கோம். அண்ணே, இது மலை இல்லண்ணே, அறுவதுங்கிறா.

எனக்கு ஒண்ணும் வெளங்கல. அவதான் வெளங்க வச்சா. மணி பத்தே முக்காலுன்னா பத்து நாப்பத்தஞ்சுன்னு எழுதுறோம்ல? அறுவது நிமிசம் ஆனா அடுத்த மணி. கெணத்துல நின்னு குறிக்கிற ஜிபிஎஸ் மிசினும் அப்பிடித்தான் நம்பர் குடுத்துருக்கு. அறுவதுக்கு மேல போகாது. நா அத நூத்துக்கு எம்புட்டுன்னு நெனச்சு ஏத்திருக்கேன். அதனால எந்தக் கெணறும் அறுவதத் தாண்டல. அறுவதுலருந்து நூறு வரைக்கும் உள்ள எடம் சும்மா கெடந்துச்சு. அதத்தான் நா எட்டு மாசமா மலை மலைன்னு காட்டிக்கிட்டு இருந்துருக்கேன். ஒத்தக் கெணறு கூட அதது எடத்துல இல்லண்ணே.

சார் சிரிச்சாரு பாருங்க. ஏலே அந்தோணி, சிறுமலையத் தூக்கி எங்கிட்டுடா கொண்டுபோயி வச்சன்னாரு. அன்னைலருந்து ஆபீஸ்ல அந்தப் பட்டைக்கு அந்தோணி மலைன்னு பேரு ஆகிப்போச்சு. பியூன் வரைக்கும் சொன்னான். அந்தப் புள்ள மட்டும் சிரிக்கல. சாரிண்ணே, தனியாச் சொல்லியிருக்கணும்னு சாயங்காலம் வந்து சொன்னா. அவளும் சேந்து சிரிச்சிருந்தா எனக்குப் பாதி ஆறிருக்கும்.

டீ ஆறுது, குடிங்க.

ஆமாண்ணே, பொறாமதான். அதுல என்ன ஒளிவு மறைவு. எம் பொண்டாட்டி ஜெஸ்ஸி மொத வாரமே கண்டுபுடிச்சுட்டா. தெனம் வீட்டுக்கு வந்து அவ இப்படி அவ அப்படின்னு பேசிக்கிட்டே இருந்தா எந்தப் பொண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது? அவ வேற மாதிரி நெனச்சுப்புட்டா. ஆபீஸுக்கே கூட்டிட்டு வந்து காட்டுனேன். அந்தப் புள்ளயப் பாத்துப் பேசிட்டு வெளிய வந்து சொல்றா, ஒங்களுக்கு வந்துருக்கது அந்த நோயி இல்ல, பொறாம, அதுக்கு மாத்திர கெடையாதுன்னு.

எதுல பொறாமன்னா, எல்லாத்துலயும். கேளுங்க. ப்ரோகிராம் தப்பாப் போச்சுன்னா செவப்புல நாலு வரி எரர்னு வரும். எனக்கு அதப் பாத்தாலே கோவம் வரும், மூடிட்டு மறுபடியும் மொதல்லருந்து அடிப்பேன். அவ கன்னத்துல கை வச்சுக்கிட்டு அத வாய்விட்டுப் படிப்பா. சின்னப் புள்ள பாடம் படிக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையா. படிச்சு முடிக்கிறப்ப சரி பண்ணிருப்பா. மத்தவன் கம்ப்யூட்டர்ல எரர் வந்தாலும் அவளத்தான் கூப்டுவான். மொதல்ல எல்லாம் அந்தோணி சார்னு கூப்ட்டவங்க, எந்தலைக்கு மேல எட்டிப் பாத்து செல்வி இருக்காளாம்பாங்க. எந்தலைக்கு மேலண்ணே.

ஹைதராபாத் ட்ரெயினிங்குக்கு ஒருத்தரத்தான் அனுப்பணும்னாங்க. அவ போனா. வந்து எல்லாருக்கும் பிஸ்கட்டு, எனக்கு மட்டும் ஒரு நோட்டு. அங்க சொல்லிக்குடுத்த அம்புட்டையும் கையால எழுதிக் கொண்டுவந்துருந்தா, அண்ணனுக்கு ஒதவும்னு. நா அத ஒரு மாசம் தொடல. அப்பறம் ஒருநா அவ சாப்டப் போனப்ப அவ கம்ப்யூட்டர்லருந்து அந்த ட்ரெயினிங் ஃபைலப் பென் ட்ரைவ்ல எடுத்து வீட்டுக்குக் கொண்டு போனேன். கேட்டிருந்தா அவளே குடுத்துருப்பா. அதுக்காகத்தான் கேக்கல.

சரி, நீங்க கேக்க வந்தத விட்டுட்டு நா எங்கிட்டோ போறேன். அந்தத் தப்பு. சொல்றேன்.

ரெண்டாயிரத்தி ஏழு கடைசி. கெணறு கெணறாக் காட்டுனா போதாது, ஊரு ஊராக் கலர் போட்டு வேணும்னு மேலருந்து கேட்டாங்க. எரநூத்திப் பதினாலு ஊரு. எல்லாப் போர்லயும் தண்ணி எடுத்து வந்தது நா. ஒரு வருசம் அலஞ்சேன் பைக்குல. படம் போட்டது அவ. இதுல ரெண்டு ஃபைலு இருக்கு. ஒண்ணு ஊரு எல்லக்கோடு, ஒண்ணு தண்ணிக் கணக்கு. ரெண்டையும் ஊர்ப் பேர வச்சு ஒண்ணாக் கோக்கணும்.

இப்பப் பாருங்க, ஒரு தெருவுல வரிசையா வீடு இருக்கு. ரேஷன் கார்டு அம்புட்டையும் அதே வீட்டு வரிசையில அடுக்கி ஒங்க கையில குடுத்துருக்காங்க. அப்ப ஒரு புண்ணியவான் வந்து, தேடுறதுக்குச் சொகமா இருக்கட்டும்னு கார்ட மட்டும் பேர் வரிசையில மாத்தி அடுக்கி வச்சுட்டுப் போயிட்டான். நீங்க அது தெரியாம மொத வீட்டுக்கு மொதக் கார்டு, ரெண்டாம் வீட்டுக்கு ரெண்டாம் கார்டுன்னு நீட்டிக்கிட்டே போறீங்க. என்ன ஆகும்? அதேதான். அந்த ப்ரோகிராம் ரெண்டு ஃபைலயும் கோக்குறப்ப, நம்மளக் கேக்காமக் கணக்கப் பேர் வரிசைக்கு மாத்திரும். எல்லக்கோடு பழைய வரிசையிலயே நிக்கும். ஒவ்வொரு ஊரு மேலயும் வேற ஒரு ஊரு கலரு போயி உக்காந்துக்கிச்சு.

எரர் வந்துருந்தா அவ படிச்சுருப்பாண்ணே. எரரே வரல. மொத்தம் கூட்டிப் பாத்தா சரி. சராசரி சரி. எத்தன செவப்பு, எத்தன பச்சைன்னு எண்ணிப் பாத்தாலும் சரி. ஊருதான் மாறிப்போச்சு. அந்தப் பொறியில உலகத்துல எத்தனையோ பெரிய பெரிய ஆளெல்லாம் விழுந்துருக்கான். நானும் விழுந்துருக்கேன், சின்ன வேல ஒண்ணுல, அதுக்கு மொத வருசம். வெளிய தெரியாமச் சரி பண்ணிக்கிட்டேன்.

பேரு போட்ருந்தாக் கண்டுபுடிச்சுருக்கலாமேன்னா, எரநூத்திப் பதினாலு பேரப் போட்டாப் படம் பூராம் எழுத்தாத்தான் இருக்கும். அதனால வெறும் கலரு. பின்னாடி ஊர்ப் பட்டியல் தனியா வச்சுருந்தா. பட்டியல்ல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா பட்டியல எவன் படிப்பான்? கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்ல தாலுகா படத்தப் பக்கத்துல வச்சுக்கிட்டு, செவப்பு எங்க இருக்கோ அந்த ஊர வட்டம் போட்டாங்க. மொதல்ல பன்னெண்டு ஊருக்கு மிசினு. கையெழுத்தாகிப் போச்சு.

வேற யாரும் பாக்கலையாவா? எல்லாரும்தான் பாத்தோம். பாக்க லெச்சணமா இருந்துச்சு. மேல கேளுங்க.

மொட்டப்பாறப்பட்டின்னு ஒரு ஊரு. தண்ணி எளநி மாதிரி இருக்கும். அங்க கொண்டுபோயி லச்சக்கணக்குல செலவழிச்சு மிசின வச்சுட்டாங்க, ரெண்டாயிரத்தி எட்டு பிப்ரவரியில. அந்த ஊரு சனம் நல்ல தண்ணிக்கு எதுக்குடா மருந்துன்னு சிரிச்சுட்டு அது காலுல ஆட்டக் கட்டி வச்சுருச்சு. செங்கணாம்பட்டி அங்கருந்து எட்டு மைலு. மாவட்டத்துலயே மோசமான தண்ணி அதுதான். அதுக்குப் படத்துல நல்ல பச்ச.

செங்கணாம்பட்டிக்காரங்க விசயம் கேள்விப்பட்டு ஒருநா ஆபீஸுக்கே வந்துட்டாங்க. ஒச்சம்மான்னு ஒரு பொம்பள, ஆறேழு புள்ளைகளக் கூட்டிட்டு வந்து ஹால்ல வரிசையா நிப்பாட்டி, வாயத் தெறங்கடின்னா. தெறந்துச்சுக. எல்லாம் அஞ்சு வயசு, ஆறு வயசு, ஏழு வயசு. ஒச்சம்மா கத்தல. மெல்லத்தான் கேட்டா. எம்புள்ள பல்லு நல்லாருக்குன்னு ஒங்க எந்தக் கம்ப்யூட்டர்யா சொல்லுச்சுன்னா.

எல்லாரும் கீழ குனிஞ்சுக்கிட்டோம். அறிவுச்செல்விதான் எந்திரிச்சா. அவங்க எல்லாரையும் உக்கார வச்சுத் தண்ணி குடுத்தா. அப்பறம் போயி கம்ப்யூட்டர்ல உக்காந்தா. அர மணி நேரம். தப்பக் கண்டுபுடிச்சுட்டு எந்திரிச்சு வந்து, ஒச்சம்மாகிட்ட, அக்கா, நாந்தான் தப்பாப் போட்டேன்னா. கூட்டத்து முன்னாடி.

மேலருந்து, பொறுப்பு யாருன்னு பேரு கேட்டாங்க. சூசைராஜ் சார் சமாளிச்சுருப்பாரு, அவருக்கு அவ மேல உசுரு. அதுக்குள்ள அவளே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா. வேலையிலருந்து யாரும் நிப்பாட்டல, பாத்துக்கோங்க. ஒங்க காதுக்கு வந்தது அதுதான? நிப்பாட்டிட்டாங்க, என்னமோ விவகாரம்னு. பொய். ராஜினாமாக் குடுத்த பின்னாடியும் பதினாறு வாரம் சம்பளம் இல்லாம வந்தா. பஸ்ஸு புடிச்சு ஊரு ஊராப் போயி, இந்த ஊருதான் அந்தக் கோடான்னு நின்னு பாத்து, எரநூத்திப் பதினாலையும் சரி பண்ணிக் குடுத்துட்டுத்தான் போனா. இப்பயும் அவ எழுதி வச்ச வரியத்தான் நா ஓட்டிக்கிட்டு இருக்கேன். அவ நாக்காலியிலதான் உக்காந்துருக்கேன். சம்பளமும் கூட்டிக் குடுத்தாங்க.

இல்லண்ணே, சந்தோசம்னு சொல்ல முடியாது. கோயமுத்தூர்ல காலேஜுல அவளுக்கு நல்ல வேல கெடச்சுருச்சுன்னு சேதி வந்தப்ப மூணு நாளு எனக்குச் சோறு எறங்கல. போயித் தொலஞ்சான்னு நெனச்சா, போன எடத்துலயும் ஒசந்துட்டா. இன்னொண்ணு சொல்றேன், வெளிய சொல்லாதீங்க. இந்த ப்ரோகிராமுக்கு உலகம் பூராத்துக்கும் சேத்து ஒரு மெயில் குரூப்பு இருக்கு. சந்தேகம் கேட்டா எவனாச்சும் வெள்ளக்காரன் பதில் சொல்வான். போன மாசம் ஒரு படத்துல மாட்டிக்கிட்டேன். எம்பேர்ல கேட்டா அசிங்கம்னு, சேக் பரீதுன்னு பொய்ப் பேர வச்சுக் கேட்டேன். பத்து நிமிசத்துல பதில் வந்துருச்சு. யார்ட்டருந்து? அவகிட்டருந்து. அன்புள்ள பரீது, ஒங்க தப்பு எல்லாரும் பண்றதுதான், கவலப்படாதீங்கன்னு ஆரம்பிச்சு அம்புட்டு பொறுமையா எழுதிருக்கா. கம்ப்யூட்டர அணைச்சுட்டு மாடிக்குப் போயி நின்னுட்டேன்.

நீங்க இன்னைக்கு வந்து அறிவுச்செல்வியத் தெரியுமான்னு கேட்டீங்க பாருங்க, அப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? ஒரு வார்த்த போதும்னு தோணுச்சு. பெருசாப் பொய் கூட வேணாம். அதெல்லாம் எதுக்குண்ணேன்னு இழுத்துட்டுக் கீழ குனிஞ்சுக்கிட்டாப் போதும். நீங்க அடுத்த பஸ்ஸுக்குப் போயிருப்பீங்க, சம்பந்தம் அத்தோட நின்னுருக்கும். வாய் வரைக்கும் வந்துச்சு. அதனாலதான் ஒங்களை டீக்கடைக்குக் கூட்டிட்டு வந்தேன். வாசல்ல நின்னே சொல்லிப்புடுவேனோன்னு பயந்து.

ஏன் சொல்லலன்னா, ஏற்கனவே ஒரு தடவ அப்படிப் பண்ணிட்டேன்ல.

அந்தப் படத்த மீட்டிங்குக்குப் பதினோரு நாளைக்கு முன்னாடி அவ எங்கிட்டதான் கொண்டுவந்து நீட்டுனா. அண்ணே, எல்லா ஊருக்கும் போனது நீங்கதான், எனக்கு ஒரு ஊரும் தெரியாது, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்கன்னா. வாங்கிப் பாத்தேன். மொட்டப்பாறப்பட்டி எல்லக்கோடு மொசலு காது மாதிரி ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கும், எங்க பாத்தாலும் தெரிஞ்சுரும். அந்த ஊரு தண்ணிய நா மொண்டு குடிச்சுருக்கேன். அது படத்துலயே நல்லா செவந்து போயிக் கெடக்கு. கார்டு வரிசை மாறிப்போச்சுன்னு பாத்த மாத்திரத்துல தெரிஞ்சுருச்சுண்ணே. நா ஏற்கனவே விழுந்து எந்திரிச்ச குழிதான.

சரியா இருக்கும்மான்னு சொன்னேன். கீழ ஒரு கையெழுத்தும் போட்டுக் குடுத்தேன்.

செங்கணாம்பட்டி எனக்கு நெனப்புலயே வரலண்ணே. சத்தியமா வரல. கலெக்டர் ஆபீஸ்ல நாலு பேரு முன்னாடி எவனாச்சும் ஒருத்தன் எந்திரிச்சு இது தப்பும்பான், எனக்கு அன்னைக்கு எரிஞ்ச மாதிரி அவளுக்கும் ஒரு நாளு எரியட்டும்னு மட்டுந்தான் நெனச்சேன். அங்க ஒருத்தனும் கேக்கல. பதினோரு நாளு இருந்துச்சு. தெனம் எம்பக்கத்து நாக்காலியிலதான் உக்காந்துருந்தா. இன்னைக்குச் சொல்லிருவோம், நாளைக்குச் சொல்லிருவோம்னு இருந்து, மிசினே வந்து எறங்கிருச்சு. அப்பறம் செங்கணாம்பட்டிக்கு ஒரு மிசினு வர்றதுக்கு மேற்கொண்டு பதினாலு மாசம் ஆச்சு. வாயத் தெறந்து நின்னுச்சே அந்தப் புள்ளைக, அதுகளுக்குப் பால் பல்லு விழுந்து புதுப் பல்லு மொளைச்சதும் காவியாத்தான் மொளைச்சுச்சு. அது இனி மாறாதாம்.

கோயில்ல பாதர்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துல பொறாமப்பட்டேன் சாமின்னு மட்டும் சொன்னேன். என்ன பண்ணேன்னு சொல்லல. ஜெஸ்ஸிக்கும் தெரியாது.

அந்தக் காகிதம் அவகிட்டதான் இருந்துச்சு. பொறுப்பு யாருன்னு மேலருந்து கேட்டப்ப அத எடுத்துக் காட்டிருக்கலாம். அண்ணன் பாத்துக் கையெழுத்துப் போட்டாருன்னு ஒத்த வார்த்த சொல்லியிருந்தா இன்னைக்கு நா எங்கயோ, அவ இங்க. எடுக்கல. சார் கேட்டாரு, இத வேற யாரும் பாத்தாங்களாம்மான்னு. அவ என்னைய ஒரு தடவ திரும்பிப் பாத்தா. தெரிஞ்சுக்கிட்டுப் பாத்தாளா, தெரியாமப் பாத்தாளான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அப்பறம் அந்தப் பக்கம் திரும்பி, இல்ல சார், வேற யாரும் பாக்கலன்னு சொல்லிட்டா. அப்பயும் எனக்கு வந்தது பொறாமதாண்ணே. இந்தக் குணமும் அவளுக்கே இருக்கேன்னு.

எந்திரிச்சுட்டீங்களா? இருங்க, பஸ்ஸு நிக்கும். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், பேசாமப் போங்க. எம்மூஞ்சியில காறித் துப்பிட்டுக் கூடப் போங்க. ஆனா மாப்ள வீட்டுல இந்தச் சம்பந்தத்த விட்றாதீங்கன்னு சொல்லுங்க. அகரத்துல அவ வீட்டுலயும் இதச் சொல்லிருங்க, அவளுக்கும் தெரியட்டும். யாரு சொன்னதுன்னு கேட்டா, கூட வேல பாத்த அந்தோணிராஜ், அந்தப் படத்தப் பாத்தவன்னு சொல்லுங்க.